உன் கைமேல் விழுந்த பழி

மதினி,

இன்று காலை ஒரு கூமுட்டை என் கையிலேயே வெடித்துவிட்டது. வடக்குத் தெருவில் ஒரு வீட்டுக்காரி அடைக்கூடையைப் பார்க்கக் கூப்பிட்டிருந்தாள். பதினொரு முட்டையில் ஒன்பது பொரித்துவிட்டன. ஒன்றில் குஞ்சு ஓட்டுக்குள்ளேயே செத்திருந்தது. மிச்சமிருந்த ஒன்றை வெளியே வீசலாம் என்று எடுத்தேன். எடுத்த வேகத்தில் பட்டென்று போயிற்று. முழங்கை வரை வழிந்தது. வீட்டுக்காரி மூக்கைப் பொத்திக்கொண்டு தெருவுக்கு ஓடினாள். நான் வாய்க்காலுக்குப் போய்ச் சாம்பலும் புளியும் போட்டு மூன்று தரம் தேய்த்துக் கழுவினேன். இன்னும் விரலிடுக்கில் நாற்றம் நிற்கிறது.

உன் கையில் ஒருநாளும் இப்படி வெடித்ததில்லை. காதோரம் வைத்து மெல்ல அசைப்பாய். உள்ளே சளக்கென்று கேட்டால், தூங்குகிற பிள்ளையைத் தூக்கிப்போவது போல அத்தனை பதனமாகக் குப்பைக்குழி வரை கொண்டுபோய் வைப்பாய். "கூமுட்டைக்கும் மருவாத குடுக்கணும் புள்ள. இல்லாட்டி நம்மளத்தான் நாறடிக்கும்" என்பாய். நான் சிரிப்பேன். நீ சிரிக்க மாட்டாய். கையில் முட்டை இருக்கும்.

நீ போய் மூன்று வருஷம் ஆகிறது. இருந்திருந்தாலும் இதை நீயாக வாசிக்க முடியாது. உன் தம்பி போடுகிற கார்டுகளை நான்தானே வாசித்துச் சொல்வேன், பதிலும் நான்தானே எழுதுவேன். உன்னிடம் சொல்ல வேண்டியதைச் சொல்ல எனக்குக் காகிதமும் பேனாவும் தேவைப்பட்டதே இல்லை. வாய் இருந்தது, நீயும் எதிரில் இருந்தாய். அப்போது சொல்லாததைத்தான் இப்போது எழுதிக்கொண்டிருக்கிறேன்.

நாம் இரண்டு பேரும் ஒரே வைகாசியில் மார்க்கையன்கோட்டைக்கு வாக்கப்பட்டு வந்தோம். நான் அனுமந்தன்பட்டியிலிருந்து, நீ பண்ணைப்புரத்திலிருந்து. முறைக்கு நீ எனக்கு மதினி. வயதில் ஒரே பருவம் என்பதால் மரியாதைப் பேச்செல்லாம் முதல் மாதத்தோடு போய்விட்டது. என் சீரில் பித்தளைக் குடம் வந்தது, மரப்பெட்டி வந்தது. உன் சீரில் பாத்திரங்களோடு ஓலைக்கூடையில் கீரி நிறத்தில் ஒரு பெட்டைக்கோழியும் வந்தது. வண்டியிலிருந்து இறங்கும்போது அந்தக் கூடையை நீ யாரிடமும் கொடுக்கவில்லை. கழுத்தில் மாலையும் இடுப்பில் கோழிக்கூடையுமாக ஒரு புதுப்பெண் இறங்கியதைப் பார்த்துத் தெருவே சிரித்தது.

"எங்கம்மா வழியில வந்த கோழி" என்றாய், மறுநாள் நான் கேட்டபோது. "அடையில உக்காந்தா இருபத்தோரு நாளும் கல்லாட்டம் உக்காரும். இத அங்கன விட்டுட்டு வர மனசில்ல."

அது சின்ன உடம்புக் கோழிதான். முட்டையும் அதிகம் இடாது. ஆனால் இட்டதை விடாது. உன் புருஷன் ஏலத்தோட்டத்தில் கங்காணியாக இருந்ததால் மாதத்துக்கு ஒருமுறைதான் மலையிலிருந்து இறங்குவார். மற்ற நாளெல்லாம் உனக்கு அந்தக் கோழிகளும் நானும்தான். பார்வைக்குப் பெரிய சேவலை நீ சேர்க்கவே மாட்டாய். இரை கண்டால் தான் கொத்தாமல் பெட்டையைக் கூப்பிடுகிற சேவலைத்தான் வைத்துக்கொள்வாய். அடையிலிருந்து பாதியில் எழுந்த பெட்டையின் முட்டை எவ்வளவு பெரிதாக இருந்தாலும் குழம்புக்குத்தான். அப்படிப் பொறுக்கிப் பொறுக்கி, ஐந்தாறு வருஷத்தில் உன் வாசல் நிறைய ஒரே முகத்தோடு கீரிப்பெட்டைகள் மேய்ந்தன.

அதற்குள் உன் கைக்கும் ஊரில் ஒரு பேர் வந்துவிட்டது. எந்த வீட்டில் கோழி அடைக்குக் கேறினாலும் உனக்குத்தான் ஆள் வரும். கூடையில் மணல் பரப்பி, அதன்மேல் வைக்கோல் சுருட்டி, இடி இடித்தாலும் முட்டை கெடக் கூடாதென்று ஓர் இரும்புத் துண்டும் அடுப்புக்கரியும் போட்டு, ஒற்றைப்படையில் முட்டைகளை ஒவ்வொன்றாக நீ இறக்கி வைப்பதை வீட்டுப் பெண்கள் சுற்றி நின்று பார்ப்பார்கள். பதின்மூன்று வைத்தால் பன்னிரண்டு பொரிக்கும். பதிலுக்கு ஒரு வெற்றிலைக்கு மேல் எதுவும் வாங்க மாட்டாய்.

உனக்குப் பிள்ளை இல்லை. ஊர் அதற்கு என்ன வார்த்தை வைத்திருக்கிறது என்பது நம் இருவருக்கும் தெரியும். ஆனால் உன்னை நோக்கி அந்த வார்த்தையை யாரும் சொன்னதில்லை. வளைகாப்புக்குக் கூப்பிட்டார்கள், தொட்டில் போடக் கூப்பிட்டார்கள். "அவ கை பட்டா நல்லது" என்றார்கள். ஒரு கோழிக்கூடையிலிருந்து கிடைத்த மதிப்பு அது. அதை நீ எவ்வளவு பத்திரமாக வைத்திருந்தாய் என்பது எனக்குத் தெரியும். மற்றவர்களுக்குத் தெரியாது, எனக்குத் தெரியும்.

எனக்கு உன்மேல் பொறாமை இருந்தது, மதினி. இதையும் எழுதிவிடுகிறேன். உன் வாசலைப் பார்த்து நானும் தலைமுறையாகத் தொடரும் ஒரு வழிக்கோழி உண்டாக்க வேண்டும் என்று ஆசைப்பட்டேன். உன்னுடையதைவிடப் பெரிய உடம்பு, தூக்கினால் கை வலிக்கிற எடை. உன்னிடம் கேட்டிருந்தால் ஒரு ஜோடியைக் கூடையோடு கொடுத்திருப்பாய். அது வேண்டாம் என்றிருந்தது எனக்கு. வீட்டுக்காரரை நச்சரித்து, தேனிச் சந்தையிலிருந்து ஒரு பெரிய சேவல் வாங்கி வரச் செய்தேன். கறுப்பும் சிவப்புமாக, முழங்கால் உயரத்துக்கு நின்றது. அவர் அதைத் தோளில் வைத்து ஊருக்குள் நடந்து வந்தார். நீயும் வந்து பார்த்தாய். காலைத் தடவினாய், இறக்கையை விரித்துப் பார்த்தாய்.

"சேவல் நல்ல சேவல்தான் புள்ள. சந்தையில நாலு ஊருக் கோழியோட கெடந்திருக்கும். ஒரு வாரம் தனியாக் கட்டிப்போடு" என்றாய்.

சரி என்று தலையாட்டினேன். நீ போனதும் அவிழ்த்துவிட்டேன். அது என் பெட்டைகளோடு மேய்வதைப் பார்க்க எனக்கு அவ்வளவு அவசரம்.

நாலாம் நாள் அது தலையைத் தொங்கப்போட்டது. வெள்ளையும் பச்சையுமாகக் கழிந்தது. ஆறாம் நாள் கழுத்தைத் திருகித் திருகி, வாயைத் திறந்து மூச்சுக்குத் தவித்துச் செத்தது. ஊர் வயலுக்குப் போயிருந்த நேரம். வீட்டுக்காரர் அதைச் சாக்கில் சுற்றிக் குப்பைக்குழிக்குப் பின்னால் புதைத்துவிட்டு வந்து என்னிடம் சொன்னார்:

"ஒருத்தர்கிட்டயும் மூச்சு விடாத. ஏற்கெனவே தண்ணி வழக்குல ஊரே நம்ம மேல கறுவிக்கிட்டுக் கெடக்கு. இது நம்ம வீட்டுலருந்து வந்துச்சுன்னு தெரிஞ்சா ஒதுக்கியே வச்சிருவாக."

அந்த வருஷம் வாய்க்கால் முறையில் மேலத்தெருவோடு எங்களுக்குத் தகராறு. அவர் பயந்தது பொய்யில்லை. நானும் பயந்தேன். சேவல் எங்கே என்று கேட்டவர்களிடம் அனுமந்தன்பட்டிக்கு அனுப்பிவிட்டோம் என்றேன்.

அதற்கு நாலு நாள் கழித்து நீ வந்தாய். என் செவலைப் பெட்டை அடையில் உட்கார்ந்து அன்றைக்குப் பதினெட்டாம் நாள். நீ வைத்த அடை. அகலச் சட்டியில் கைபொறுக்கிற சூட்டில் வெந்நீர் கேட்டாய். முட்டைகளை அதில் ஒவ்வொன்றாக மிதக்கவிட்டாய். உயிருள்ள முட்டை உள்ளே குஞ்சு உதைப்பதில் தண்ணீரில் தானே துள்ளும். பதின்மூன்றில் பன்னிரண்டு துள்ளின. அதைப் பார்க்கும்போது உன் முகம் எப்படி ஆகும் என்று எனக்குத் தெரியும். அதனால் நான் சட்டியைப் பார்க்காமல் உன்னையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

பிறகு பெட்டையைத் தூக்கினாய். "கண்ணச் சொருகுதே புள்ள. நேத்து எரை எடுத்துச்சா?"

"வெக்கைக்கு மதினி. நல்லாத்தான் திங்குது."

ஒரு கணம் என் முகத்தைப் பார்த்தாய். நான் சொன்னால் நீ நம்புவாய். நம்பினாய். இரண்டு கையாலும் அதை அணைத்து முட்டைகள்மேல் உட்காரவைத்து, வயிற்றடி மயிரை ஒதுக்கிவிட்டு, கையை முந்தானையில் துடைத்துக்கொண்டாய்.

"இன்னைக்கு இன்னும் ஆறு வீடு இருக்கு. மாசி பொறந்தா என்னைய உக்காரவே விட மாட்டேங்கிறாக" என்று அலுத்துக்கொண்டாய். அந்த அலுப்பில் எவ்வளவு சந்தோஷம் இருந்தது! எதிர்வீட்டு ராமாயியின் படியில் நீ ஏறுவதை நான் என் வாசலில் நின்று பார்த்தேன்.

கை வழியாக நோய் போகும் என்று அன்றைக்கு எனக்குத் தெரியாது. அதைச் சொல்லித் தப்பிக்கப் பார்க்கவில்லை. பொய் சொல்கிறேன் என்பது தெரியும் அல்லவா.

இருபதாம் நாள் என் பெட்டை கூடையிலேயே செத்துக் கிடந்தது. முட்டைக்குள் குஞ்சுகள் கீச்சுகீச்சென்று கத்திக்கொண்டிருந்தன. பன்னிரண்டு முட்டையையும் மடியில் கட்டிக்கொண்டு உன்னிடம்தான் ஓடிவந்தேன். வேறு எங்கே ஓடுவேன்? நீ ஒன்றும் கேட்கவில்லை. அடையில் இருந்த உன் கீரிப்பெட்டையின் கீழிருந்து அதன் முட்டைகளை எடுத்து வேறொன்றுக்கு மாற்றிவிட்டு, என்னுடையதை வைத்தாய். மறுநாள் ஏழு பொரித்தன. நாலு நாள்தான் இருந்தன. அதற்குள் உன் வாசலில் ஒவ்வொன்றாகத் தலை தொங்கத் தொடங்கிவிட்டது.

நீ செய்யாத வைத்தியமில்லை. மஞ்சளும் சின்ன வெங்காயமும் மிளகும் சீரகமும் அரைத்து உருட்டி ஒவ்வொரு கோழியின் வாயிலும் விரலைவிட்டுத் தள்ளினாய். செத்ததைப் புதைத்துவிட்டு வந்து உயிரோடு இருந்ததைத் தடவிக்கொடுத்தாய். பன்னிரண்டு நாளில் உன் அம்மா வழிக் கோழியில் ஒன்றுகூட மிஞ்சவில்லை. கூடையில் வந்த அந்த முதல் பெட்டையின் பேத்திகளும் பேத்தியின் பேத்திகளும் எல்லாம் போயின.

அதே நாட்களில் நீ போய்வந்த ஆறு வீட்டிலும் கோழிகள் செத்து விழுந்தன.

படித்துறையில்தான் அந்தப் பேச்சு முதலில் எழுந்தது. நான் துணி துவைத்துக்கொண்டிருந்தேன். ராமாயி சொன்னாள்: "எண்ணிப் பாருங்கடி. அவ கை வச்ச வீட்டுலதான் சாகுது. வைக்காத வீட்டுல நிக்குது."

அவள் எண்ணிக்கை சரிதான். இன்னொருத்தி, "கை ராசி திரும்பிருச்சு" என்றாள். "வெறும் வயித்துக்காரி கைய இத்தன நாளா நம்ம தலையில தூக்கி வச்சிருந்தோம்ல" என்றாள் மூன்றாமவள். அந்த வார்த்தை அன்றைக்குத்தான் வெளியே வந்தது. அத்தனை வருஷமும் எங்கேயோ காத்துக்கொண்டு இருந்திருக்கிறது.

ராமாயி என் பக்கம் திரும்பினாள். "ஏத்தா, ஒன் வீட்டுலயும் அவ வந்துட்டுப் போன பெறகுதான பெட்டை செத்துச்சு?"

துணியைக் கல்லில் வைத்துக்கொண்டு நான் சொன்னேன்: "ஆமா."

ஒரே வார்த்தை, மதினி. அது பொய்யும் இல்லை. நீ வந்துபோன பிறகுதான் செத்தது.

மறுநாள் நீ என் வீட்டுக்கு வந்தாய். உள்ளே வராமல் நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றாய். "ராமாயி என்னையக் கண்டதும் கதவச் சாத்திட்டா புள்ள. நான் கோழியப் பாக்கக்கூடப் போகல. அவ மகளுக்கு நாளைக்கு வளைகாப்புல்ல, சந்தனக் கிண்ணி கேட்டிருந்தா, குடுக்கப் போனேன்" என்றாய். கிண்ணி உன் கையில் இருந்தது. நான் அதை வாங்கி நானே கொடுத்துவிடுகிறேன் என்றேன். அந்த வளைகாப்புக்கு உன்னைத் தவிர தெருவில் எல்லோரும் போனோம்.

பத்து நாள் கழித்து நல்ல வெயிலில் ஒரு கார்டோடு வந்தாய். "தம்பிக்கு எழுது" என்றாய். நீ சொல்லச் சொல்ல நான் எழுதினேன்.

"இங்கன எல்லாரும் சொகம்னு போடு. கோழியெல்லாம் போயிருச்சு, வந்து என்னையக் கூட்டிட்டுப் போன்னு எழுது. என் கை கெட்டுப்போச்சுன்னு எழுது."

பேனா நின்றது. "அது எதுக்கு மதினி? அப்படியெல்லாம் எழுத வேணாம்."

"எழுது புள்ள. அங்கன போன பெறகு அவன் கேட்டான்னா, வாயத் தொறந்து என்னால சொல்ல முடியாது. கார்டுலயே இருந்துரட்டும்."

நீ உன் உள்ளங்கைகளை மடியில் விரித்து வைத்து அவற்றையே பார்த்துக்கொண்டிருந்தாய். யாரோ ஒருவருடைய கையைப் பார்ப்பது போல இருந்தது. நாம் இருவர் மட்டும் இருந்தோம். வீட்டுக்காரர் வயலில். குப்பைக்குழி நீ உட்கார்ந்திருந்த இடத்திலிருந்து இருபது அடி. சொல்வதற்கு அதைவிட நல்ல நேரம் வாய்த்திருக்காது. நான் எழுதினேன். "என் கை கெட்டுப்போச்சு" என்று என் கையெழுத்தில் எழுதி, வாசித்தும் காட்டினேன். "சரியா இருக்கு" என்றாய்.

உன் தம்பி வண்டி கட்டிக்கொண்டு வந்து உன்னைக் கூட்டிப்போனார். அதன் பிறகு உன் புருஷனும் மலையிலிருந்து இறங்கினால் நேரே பண்ணைப்புரத்துக்கே போய்விடுவார்.

அடுத்த தையில் ஊரில் மறுபடியும் கோழி சேர்ந்தது. ஒருநாள் ராமாயி வந்து, "அவகூடவே திரிஞ்சியே, ஒனக்கும் தெரியும்ல. வந்து அடை வச்சுக் குடு" என்றாள். போனேன். நீ செய்தபடியே செய்தேன். பதினொன்றில் பத்து பொரித்தது. என் கைக்கு ராசி என்றார்கள். உன்னுடைய இடத்தில் என்னை உட்கார வைத்தார்கள், மதினி. நான் உட்கார்ந்தேன்.

உலகச் சண்டைக் காலத்தில் மாடுகளுக்குக் கோமாரி கண்டபோது ஒரு மாட்டு டாக்டர் ஊருக்கு வந்தார். எங்கள் தொழுவத்தையும் பார்த்தார். போகிற போக்கில் கோழிகளைப் பற்றிக் கேட்டேன். சேவலையோ சந்தையையோ சொல்லவில்லை. கழிச்சலையும் கழுத்துத் திருகலையும் மட்டும் சொன்னேன்.

"அது ஒட்டுவாரொட்டிம்மா" என்றார். "கை வழியாப் போகும், கால் வழியாப் போகும், கூடை வழியாப் போகும். சீக்குக் கோழியைத் தொட்ட கையைக் கழுவாம அடுத்த வீட்டுக் கோழியைத் தொட்டா அங்கேயும் வந்துரும். முதல் கோழி விழுந்த அன்னைக்கே வெளிய சொல்லி, யாரையும் உள்ள விடாம இருந்தா அந்த ஒரு வீட்டோட நின்னுரும்."

அதுவரை நான் மறைத்தது பழி யார் மேல் என்பதை மட்டும்தான் என்று நினைத்திருந்தேன். ஊர் சொன்னபடி சீக்கு உன் கை வழியாகத்தான் போயிருக்கிறது. அதை உன் கையில் வைத்தது நான். "வெக்கைக்கு மதினி" என்ற அந்தச் சொல்லால் வைத்தேன்.

அந்த மாதமே பண்ணைப்புரத்துக்குப் புறப்பட்டேன். ஒரு கல்யாணத்தைச் சாக்குச் சொன்னேன். பெட்ரோல் கிடைக்காமல் கரியில் ஓடிய பஸ் உத்தமபாளையம் வரைக்கும் முக்கி முனகிக்கொண்டு போனது, அங்கிருந்து மாட்டுவண்டி. வழி நெடுக என்ன சொல்வது என்று வார்த்தை கூட்டிக்கொண்டு வந்தேன். நீ என்னைக் கண்டதும் ஓடிவந்தாய். இளைத்திருந்தாய். தலையில் பாதி நரைத்திருந்தது.

உன் தம்பி வீட்டிலும் கோழிகள் இருந்தன. பல நிறம், கலப்புக் கோழிகள். ஒன்று அடைக்குக் கேறி மூலையில் உறுமிக்கொண்டிருந்தது. தம்பி பெண்டாட்டி என்னிடம், "நீங்க வச்சுக் குடுங்க மதினி. இவுக தொட மாட்டேங்கிறாக" என்றாள். நான் கூடைமுன் உட்கார்ந்தேன். நீ நாலடி தள்ளி நின்றாய், இரண்டு கையையும் முந்தானைக்குள் சுற்றிக்கொண்டு. "வைக்கோல இன்னும் கொஞ்சம் சுத்து புள்ள" என்று மட்டும் ஒருமுறை சொன்னாய்.

தூளியில் கைக்குழந்தை அழுதது. உன் தம்பிக்கு ரொம்ப நாள் கழித்துப் பிறந்த மகன். நீ கயிற்றைப் பிடித்து ஆட்டினாய். அழுகை கூடியது. நீ குனிந்து எடுக்கவில்லை. அதன் அம்மாவைக் கூப்பிட்டாய். வேலை அலுப்பு என்று நினைத்துக்கொண்டேன்.

புறப்படும் நேரத்தில் நாம் இருவரும் தனியாக நின்றோம். "மதினி" என்றேன்.

"என்ன புள்ள?"

"பஸ்ஸுக்கு நேரமாச்சு" என்றேன்.

"ராமாயியெல்லாம் ஒன்னையத்தான் அடை வைக்கக் கூப்புடுறாகளாமே. வந்தவுக சொன்னாக. சந்தோசம் புள்ள. நல்ல கைய வச்சிருக்க, பத்தரமா வச்சுக்க" என்றாய். உன் முகத்தில் குத்தல் எதுவும் இல்லை. நான் தேடிப் பார்த்தேன். இல்லை.

அடுத்த முறை சொல்லிவிடலாம் என்று வண்டியில் ஏறினேன். அடுத்த முறை வந்தது உன் தம்பியின் கார்டு. மலைக்காய்ச்சல், ஒன்பது நாள், என்று எழுதியிருந்தது. என் வீட்டுக்காரர் பேருக்கு வந்த கார்டு, வாசித்தது நான்.

பதினாறாம் நாள் காரியத்துக்குப் போனேன். சாப்பாடு முடிந்து கூட்டம் கலைந்ததும் உன் தம்பியைக் கிணற்றடிக்குக் கூப்பிட்டு எல்லாவற்றையும் சொன்னேன். சேவல், குப்பைக்குழி, படித்துறையில் சொன்ன "ஆமா", கார்டு. ஒன்றையும் விடவில்லை. அவர் என்னைத் திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். திட்டினால் நன்றாயிருக்கும் என்றும் இருந்தது. அவர் தன் மகனைப் பார்த்தார். அவன் வாசலில் உன் மரச்சீப்பை வைத்து மண்ணைக் கீறிக்கொண்டிருந்தான்.

"அக்கா இவனத் தூக்குனதே இல்ல" என்றார். "பொறந்த அன்னைக்குக் குடுக்கப் போனோம். என் கை வேணாம்யா, எட்டருந்தே பாத்துக்கிர்றேன்னுச்சு. காச்சல்ல கெடந்தப்பக்கூட அவன் பக்கத்துல போனா கைய போர்வைக்குள்ள இழுத்துக்கிரும். நீங்க ஒரு வார்த்தை சொல்லியிருந்தா தூக்கியிருக்கும்."

பிறகு அவரே வண்டி பிடித்துக் கொடுத்து அனுப்பினார்.

ஊருக்கு வந்து மறுநாள் படித்துறையிலும் சொன்னேன். "அன்னைக்குக் கேட்டப்ப ஆமான்னியே" என்றாள் ராமாயி. "ஆமா" என்றேன். பாதி துவைத்த துணியை அப்படியே அள்ளிக்கொண்டு போய்விட்டாள். ஒரு வருஷம் என்னோடு பேசவில்லை. வீட்டுக்காரர் இரண்டு நாள் கத்தினார். ஒதுக்கி வைப்பார்கள் என்று எந்த ஊருக்குப் பயந்தோமோ அந்த ஊர் எங்களை ஒன்றும் செய்யவில்லை. நாலு நாள் பேசினார்கள். பிறகு நடவு வந்துவிட்டது. இதற்காகவா உன்னை விட்டுக்கொடுத்தேன் என்று நினைத்தால் சோறு இறங்காது.

அடை வைக்க இப்போதும் கூப்பிடுகிறார்கள். ராசி என்று யாராவது சொன்னால், அந்தப் பேச்சு வேண்டாம் என்று சொல்லிவிடுவேன். கூடையைத் தொடுமுன், வீட்டில் எந்தக் கோழியாவது சோர்ந்திருக்கிறதா என்று கேட்பேன். ஏன் கேட்கிறேன் என்றும் சொல்வேன், உன் பேரோடு. கேட்கப் பிடிக்காதவர்கள் அடுத்த முறை கூப்பிடுவதில்லை.

போன மாதம் கீழத்தெருவில் ஒரு வீட்டுக்குப் போனேன். புதிதாக வந்த மருமகள். நான் கேட்டதும் முட்டைக்கூடையை மாற்றி மாற்றிப் பிடித்தாள். கண் தளும்பிவிட்டது.

"ஒரு கோழி ரெண்டு நாளாத் தூங்கித் தூங்கி விழுது சித்தி. யார்கிட்டயும் சொல்லக் கூடாதுன்னு அவுக சொன்னாக."

"சொன்னது நல்லதுத்தா" என்றேன். கூட்டை அடைத்துப் போடச் சொன்னேன். கூடையைத் தொடாமல், வாசலிலேயே கையும் காலும் கழுவிக்கொண்டு வீட்டுக்கு வந்தேன். அன்றைக்கு இன்னும் ஐந்து வீட்டில் வரச் சொல்லியிருந்தார்கள். எதற்கும் போகவில்லை. அவள் வீட்டில் ஆறு கோழி போயின. அந்தத் தெருவில் வேறு எந்த வீட்டிலும் ஒரு குஞ்சுகூடச் சாகவில்லை.

இவ்வளவுதான் வேண்டியிருந்தது, மதினி. நான் ஒரு வார்த்தை சொல்வது. நீ ஒரு நாள் வீட்டில் இருப்பது.